யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?

வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிய அனுபவம் உண்டா உங்களுக்கு? இல்லையென்றால், ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். என்ன போச்சு, எத்தனை பவுன், பில் இருக்கா, கடைசியா எப்போ பார்த்தீங்க... கேள்விகள் வரிசையாக வரும். நாம் தடுமாறுவோம். பில் எங்கே என்று மனைவியைப் பார்ப்போம். மனைவி மாமியாரைப் பார்ப்பார். மாமியார் சாமி படத்தைப் பார்ப்பார். கடைசியாக எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து ஒன்று கேட்பார்:

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இதற்கு மட்டும் யாருமே தடுமாறுவதில்லை!

குன்றத்தூர்ப் பக்கம் இதற்குப் பதில் எப்போதும் ரெடி. மாடியில் ரூம் எடுத்து எட்டுப் பேராகத் தங்கியிருக்கிற வடக்கத்திப் பசங்க. ஏரிக்கரையோரம் குடிசை போட்டிருக்கிறவங்க. பழைய இரும்பு பொறுக்க வர்றவங்க. ஊசிமணி, பாசிமணி விற்க வந்த பொம்பளைங்க. "புதுசா ரெண்டு பேர் சுத்திக்கிட்டிருந்தாங்க சார். பார்த்தாலே தெரிஞ்சுது..."

என்ன தெரிந்தது? முகம் தெரிந்தது. பாஷை தெரிந்தது. திருடியது தெரிந்ததா என்றால், அதைக் கண்டுபிடிக்கத்தானே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறோம்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் 2010-ல். அதற்குப் பின்னாலேயே உதிரி பாகக் கம்பெனிகள், செல்போன் கம்பெனிகள், கான்ட்ராக்டர்கள். நெல் விளைந்த இடத்தில் வரிசையாக வாடகை ரூம் விளைந்தது. ஷிப்ட் பஸ்ஸுக்காகக் காலை ஐந்தரைக்கு ரோட்டில் நிற்கிற கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர் எத்தனை, இந்தி, ஒடியா, வங்காளி பேசுகிறவர் எத்தனை என்று டீக்கடைக்காரரைக் கேட்டால் டக்கென்று சொல்வார். அந்த டீக்கடைக்காரருக்கே இப்போது இந்தி வரும், வியாபாரம், ஸார்! ஆனால் ஒரு மோட்டார் பம்ப் காணாமல் போனால் மட்டும், அவசரமாக நமக்கு எல்லோருடைய ஊரும் ஞாபகம் வந்துவிடுகிறது.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஏதோ பாட்டி கதை இல்லை. அரசாங்க கெஜட்டிலேயே அச்சான சரித்திரம். அதைத் தோண்டி எடுத்துக் கணக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் புரொபசர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், நம் நாட்டிலும் இருக்கிறார்கள். போலீஸ், கோர்ட், ஜெயில் மூன்றிலும் ஓர் ஆளின் பிறப்பு எவ்வளவு எடை போடுகிறது என்பதுதான் அவர்கள் கேட்கிற கேள்வி. அங்கே பிறப்பு என்றால் தோல் நிறம். இங்கே ஜாதி, மதம், எந்த ஊர்க்காரன் என்பது.

குன்றத்தூரில் உட்கார்ந்துகொண்டு இந்த விஷயத்தைப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. சேக்கிழார் பிறந்த ஊர் இது. கன்றுக்குட்டியைத் தேர்க்காலில் கொன்ற இளவரசனுக்குப் பிராயச்சித்தம் பண்ணிவிடலாம் என்று அமைச்சர்கள் நைஸாகச் சொல்ல, அதெல்லாம் செல்லாது என்று சொந்த மகன் மேலேயே தேரை ஓட்டினானே மனுநீதிச் சோழன், அந்தக் கதையைப் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே வைத்தவர் அவர். பசுவின் கன்றுக்கும் ராஜாவின் மகனுக்கும் ஒரே சட்டம்! அந்தச் சோழனுக்கு இன்று சென்னை ஐகோர்ட் வளாகத்தில் சிலை இருக்கிறது. சட்டம் எப்படி இருந்தது என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.

* * *

1871-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். குற்றப் பரம்பரைச் சட்டம். இங்கே தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி; அப்படியானால் திருடன் மகன் திருடன்தானே என்பதுதான் இதற்கு அடிப்படை. முதலில் வட இந்தியாவுக்கு மட்டும் இருந்ததை 1911-ல் திருத்தி, சென்னை ராஜதானிக்கும் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சட்டத்தைப் படித்தால் தலை சுற்றும். எந்த ஜாதியையும், எந்தக் கூட்டத்தையும் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவிக்கலாம். அறிவிப்பு சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது. பதிவேட்டில் பெயர் ஏறியவர் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும்; அதனால்தான் மதுரைப் பக்கம் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். அடுத்த ஊருக்குப் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரி கூப்பிடும்போது ஆஜராக வேண்டும். எல்லாவற்றையும்விட ஒரு பிரிவு இருந்தது: பதிவான ஆள் ஓர் இடத்தில் 'திருடப் போகிற மாதிரி' நின்றால் மூன்று வருஷம் வரை ஜெயில்! திருட வேண்டாம், நின்றால் போதும். 'யார் மேலயாவது சந்தேகம்?' என்கிற கேள்விக்கு அரசாங்கமே பதில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டது.

யாரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள் என்பதுதான் விஷயமே.

குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். (ஊசிமணி விற்கும் நரிக்குறவர் வேறு, இவர்கள் வேறு. சினிமாக்காரர்களுக்கும் போலீஸுக்கும் இரண்டும் ஒன்று!) கடற்கரையில் உப்பு வாங்கி, மாட்டின் முதுகிலும் கழுதை முதுகிலும் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் விற்று, தானியத்தோடு திரும்புவது இவர்கள் பிழைப்பு. ஊர் ஊராகப் போனால்தான் வியாபாரம். அதாவது, அந்தக் காலத்து லாரி சர்வீஸ். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக உப்பு ரயிலேறிப் போனது. உப்பு வியாபாரம் சர்க்கார் பிடிக்குள் இறுகியது. மாடு மேய்த்த காட்டுக்குள் நுழையக் கூடாது என்றது வனச் சட்டம். இடையில் 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். உப்பும் போச்சு, மாடும் போச்சு. ஆனால் ஊர் ஊராகப் போகிற பழக்கம் மட்டும் போகவில்லை. தலையில் சுமையில்லாமல் ஊருக்குள் வருகிறவனை யார் நம்புவார்கள்?

மீனா ராதாகிருஷ்ணா என்கிற சரித்திர ஆராய்ச்சியாளர் சென்னை ராஜதானியின் பழைய அரசாங்கக் கோப்புகளைப் புரட்டி இந்தக் கதையை 2001-ல் புத்தகமாகப் போட்டார். அவர் காட்டுகிற வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பிழைப்புப் போனது. பிறகு சந்தேகம் வந்தது. பிறகுதான் 'பரம்பரைத் திருடர்' என்ற பட்டம். நாம் பாடப் புத்தகத்தில் படித்ததோ தலைகீழ். இதில் இன்னொரு வேடிக்கை: ரயில் வந்துதான் இவர்கள் தொழில் படுத்தது, 1900-ல் சென்னை ரயில்வே போலீஸ் அதிகாரி பாப்பாராவ் நாயுடு ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு, ரயில்வே திருடர்களின் வரலாறு!

அந்தக் காலத்தில் இதற்கு விஞ்ஞான முலாமும் பூசினார்கள். எழும்பூர் மியூசியம் தெரியுமல்லவா, நம் தாத்தாக்கள் 'செத்த காலேஜ்' என்பார்களே, அதன் சூப்பரின்டெண்டன்ட் எட்கர் தர்ஸ்டன். ஆசாமி கையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும். கிடைத்தவர் மூக்கின் அகலம், மண்டையின் நீளம் எல்லாவற்றையும் அளப்பார். தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-ல் ஏழு பெரிய தொகுதிகள் போட்டார். போலீஸ் அதிகாரிகளுக்கு அளவெடுக்கும் வகுப்பும் நடத்தினார். எந்த மூக்கு எந்த ஜாதி, எந்த ஜாதி எந்தக் குற்றம் என்று சூத்திரம் கிடைத்துவிட்டால் துப்புத் துலக்குகிற வேலை மிச்சம் பாருங்கள்.

பதிவானவர்களில் சிலரை 'செட்டில்மென்ட்' என்ற பெயரில் கொண்டுபோய் அடைத்தார்கள். இன்றைய ஆந்திராவிலிருக்கும் ஸ்டூவர்ட்புரம் அப்படி வந்த ஊர். நடத்தியது சால்வேஷன் ஆர்மி. உள்ளே இருப்பவர் சீட்டில்லாமல் வெளியே போக முடியாது. பக்கத்துச் சீராலாவில் புகையிலைத் தொழிற்சாலை; அங்கே வேலைக்கு ஆள் வேண்டும். ஓட முடியாத ஆள், கூலி பேசத் தெம்பில்லாத ஆள்... ஒரகடத்தில் லேபர் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர்களை ஒட்டுமொத்தமாகப் பட்டியலில் ஏற்றினார்கள். நிலம் வைத்திருந்தவரும் வரி கட்டியவரும் தப்பவில்லை. பெருங்காமநல்லூர்க்காரர்கள் 'ரேகை வைக்க மாட்டோம்' என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்துப் பதினாறு பேர் செத்தார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதை நாடே அறியும். இதை உசிலம்பட்டிப் பக்கம்தான் அறிவார்கள்.

முத்துராமலிங்கத் தேவர் உள்படப் பலர் வருஷக்கணக்காகப் போராடியதில், சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31-ல். அதாவது, சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து இன்னொரு சுதந்திரம். ஆனால் நம் சென்னை மாகாணம் ரொம்ப உஷார். 1948-லேயே 'வழக்கமான குற்றவாளிகள்' கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு வைத்துவிட்டது. ஜாதியின் பெயர் இல்லை. தனி ஆள் கணக்கு. முறைப்படி பார்த்தால் முன்னேற்றம்தான். ஆனால் ஸ்டேஷனில் நோட்டு அதே, ரைட்டர் அதே, தெருவும் அதே!

* * *

1993 மார்ச். கடலூர் மாவட்டம் கம்மாபுரம் போலீஸ், ஒரு நகைத் திருட்டுக்காக ராசாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியைப் பிடித்தது. குறவர் சமூகத்தவர். ஸ்டேஷனுக்குப் போனவர் திரும்பவில்லை. 'தப்பி ஓடிவிட்டான்' என்றது போலீஸ். மனைவி விடவில்லை. வக்கீல் சந்துரு ஆட்கொணர்வு மனுப் போட்டார். அடித்துக் கொன்றதை நிரூபித்து, போலீஸாருக்கு ஐகோர்ட் தண்டனை கொடுத்தபோது 2006 ஆகியிருந்தது. பதின்மூன்று வருஷம்! 2021-ல் 'ஜெய்பீம்' படம் வந்த பிறகுதான் நம்மில் பாதிப் பேர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். (படத்தில் இருளர் என்று மாற்றியிருந்தார்கள்.)

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, "சார், ஒரு ஸ்டேஷன்ல நடந்ததை வெச்சு ஊரையே சொல்லாதீங்க" என்பார். நியாயமான ஆட்சேபணை. கதை வேறு, கணக்கு வேறு. அதற்குத்தான் புரொபசர்கள்.

அமெரிக்காவில் டேவிட் பால்டஸ் என்ற சட்டப் பேராசிரியர் தன் குழுவோடு ஜார்ஜியா மாநிலத்தின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். செத்தவர் வெள்ளைக்காரராக இருந்தால், செத்தவர் கறுப்பராக இருப்பதைவிட, மரண தண்டனை விழும் வாய்ப்பு 4.3 மடங்கு என்று வந்தது. வாரன் மெக்கிளெஸ்கி என்ற மரண தண்டனைக் கைதி இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1987-ல் தீர்ப்பு. கணக்கு சரியாகவே இருக்கட்டும், உன் வழக்கில் உனக்கு அநியாயம் செய்தார்கள் என்று காட்டு பார்க்கலாம் என்று ஐந்துக்கு நாலு என்று தள்ளிவிட்டார்கள். அந்த ஐந்தில் தீர்ப்பை எழுதியவர் ஜஸ்டிஸ் பவல். ரிடையர் ஆன பிறகு, 'எந்த ஓட்டையாவது மாற்றிப் போட முடிந்தால் எதை மாற்றுவீர்கள்?' என்று கேட்டபோது, அவர் சொன்னது இந்த வழக்கைத்தான். மெக்கிளெஸ்கி 1991-லேயே மின்சார நாற்காலியில் உட்கார்ந்து முடித்துவிட்டார்.

இதைவிட நமக்கு நெருக்கமான ஆராய்ச்சி ஒன்று உண்டு. வேலை தேடுகிற தம்பிகள் கவனிக்கவும். 2001-ல் மில்வாக்கி என்ற ஊரில் டேவா பேஜர் என்ற பெண்மணி நாலு இளைஞர்களைத் தயார் செய்து கம்பெனி கம்பெனியாக வேலை கேட்டு அனுப்பினார். இரண்டு பேர் வெள்ளை, இரண்டு பேர் கறுப்பு. படிப்பு, பேச்சு எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் மாற்றி ஒருவர் 'நான் ஜெயிலுக்குப் போய் வந்தவன்' என்று எழுதிக் கொடுப்பார். எல்லாம் டிராமாதான். மறுபடி கூப்பிட்டது எத்தனை பேரை? ஜெயிலுக்குப் போகாத வெள்ளையர் 34 சதவீதம். ஜெயிலுக்குப் போன வெள்ளையர் 17. ஜெயிலுக்கே போகாத கறுப்பர் 14. போன கறுப்பர் வெறும் 5. நடுவில் உள்ள இரண்டு நம்பரையும் இன்னொரு தரம் பாருங்கள். குற்றமே செய்யாத கறுப்பரைவிடக் குற்றம் செய்த வெள்ளையருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்!

"அமெரிக்காவில்தானே சார்?" என்பீர்கள். 2005 அக்டோபர் முதல் அறுபத்தாறு வாரம், சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் இந்தியத் தனியார் கம்பெனிகளுக்குப் பொய் விண்ணப்பங்களாகத் தட்டிவிட்டார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்ஜாதிப் பெயருக்குக் கூப்பிடும் வாய்ப்பு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தகப்பனார் பெயரை இனிஷியலாகச் சுருக்கி ஜாதிப் பெயரை வெட்டிவிட்ட நம் தமிழ்நாட்டு ஏற்பாட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. ஆனால், 'தம்பிக்கு எந்த ஊரு? எந்தத் தெரு?' என்று இரண்டே கேள்வியில் வெட்டியதை ஒட்ட வைத்துவிடுகிற பேர்வழிகள் எந்த ஆபீஸில் இல்லை?

* * *

சரி, ஜெயிலுக்குள் யார் இருக்கிறார்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சிறைக் கணக்கு வெளியிடும். 2019 கணக்கில், தண்டனைக் கைதிகளில் 21.7 சதவீதம் தலித்துகள், 13.6 சதவீதம் பழங்குடிகள். 2011 சென்சஸில் நாட்டு ஜனத்தொகையில் அவர்கள் 16.6-ம் 8.6-ம். முஸ்லிம்கள் ஜனத்தொகையில் 14.2, விசாரணைக் கைதிகளில் 18.7. விசாரணைக் கைதி என்றால் குற்றம் நிரூபணமாகாதவர். 2022 கடைசியில் இந்திய ஜெயில்களில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இந்த ரகம். நாலில் மூன்று பேர்! ஜாமீன் போட ஆள் இல்லை, வக்கீலுக்குப் பணம் இல்லை, அவ்வளவுதான்.

இதைப் பார்த்து, "அப்படியானால் ஜட்ஜுகள் ஜாதி பார்க்கிறார்கள்" என்று முடிவுகட்டினால் அவசரம். எல்லியட் ஆஷ், பால் நோவோசாட் உள்ளிட்ட ஒரு கோஷ்டி 2010 முதல் 2018 வரை இந்தியக் கீழ்க் கோர்ட்டுகளில் நடந்த ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கிரிமினல் வழக்குகளை கம்ப்யூட்டரில் போட்டு அலசியது. முஸ்லிம் ஜட்ஜ் முஸ்லிமுக்கும் இந்து ஜட்ஜ் இந்துவுக்கும் சலுகை காட்டுகிறாரா? பெண் ஜட்ஜ் பெண்ணுக்கு? பெரும்பாலும் இல்லை என்று விடை வந்தது. எனக்கு இது நிஜமாகவே ஆச்சரியமும் கொஞ்சம் ஆறுதலும். ஆனால் இந்த ஆராய்ச்சி, 'தன்னவன்' பாசம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தது. எல்லா ஜட்ஜும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இந்தத் தராசில் அது தெரியாது. அதோடு, கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த வழக்குகள்தானே இதில் இருக்கின்றன? யாரை வழக்கில் சேர்ப்பது என்பது அதற்கு முன்னாலேயே, ரோட்டிலும் ஸ்டேஷனிலும் முடிவாகிவிடுகிறது.

அங்கே என்ன நினைக்கிறார்கள்? 'காமன் காஸ்' அமைப்பும் லோக்நீதி-சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும் 2019-ல் 21 மாநிலங்களில் பன்னிரண்டாயிரம் போலீஸாரிடம் போய்க் கேட்டன. முஸ்லிம்களுக்குக் குற்றம் செய்கிற சுபாவம் இயல்பிலேயே உண்டு என்று ஏதோ ஓரளவாவது நினைப்பவர்கள் இரண்டில் ஒருவர். 1871-ல் சொன்னது 2019-லும் வாய்க்கு வருகிறது. போலீஸ்காரரை மட்டும் குறை சொல்லாதீர்கள். அவரும் நம் தெருவில் வளர்ந்தவர்தான்.

இதில் இருக்கிற பொறி எளிமையானது. ஒரு தெருவில் சந்தேகம். அதனால் அங்கே ரோந்து அதிகம். ரோந்து அதிகமானால் மாட்டுகிறவர் அதிகம். (நம் பேச்சிலர் ரூம்களில் தினம் ராத்திரி சோதனை போட்டால் என்னென்ன கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!) மாட்டியவர் எண்ணிக்கை ஏறினால், பார்த்தாயா, அந்தத் தெரு அப்படித்தான் என்று சந்தேகம் உறுதியாகும். பிறகு ரோந்து இன்னும் அதிகம். செக்குமாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்; எண்ணெய் மட்டும் வராது.

2012-ல் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் பேங்க் கொள்ளை. பிப்ரவரி 23 அதிகாலை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வட மாநிலத்தவர் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே வருஷம், குடியிருப்போர் விவரத்தை வீட்டுக்காரர்கள் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. ஐந்து பேர் மேல் இருந்த சந்தேகம் லட்சக்கணக்கானவர் மேல் படிந்தது. அதன் பிறகு ரூம் தேடிப் போன வடக்கத்தி இளைஞன் ஒவ்வொருவனும் அந்த ஐந்து பேருக்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இது திரும்பியும் அடிக்கும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று எங்கிருந்தோ பிடித்த வீடியோக்களை ஒட்டி ஒரு புரளி. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டு, பொய் என்று சொன்னது. அந்த ஒரு வாரம் நாம்தான் குற்றப் பரம்பரை! எப்படி இருந்தது?

மலேசியாவில் நம்மவர் நிலைமை இன்னும் மோசம். அங்கே இந்திய வம்சாவளியினர் ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, பெரும்பாலோர் தமிழர்கள். போலீஸ் காவலில் செத்தவர்கள் கணக்கிலோ அவர்கள் பங்கு அதைவிட அதிகம். 2009 ஜனவரியில் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட குகன் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் ஸ்டேஷனிலேயே செத்தார். தாய் வழக்குப் போட்டார். எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி 2013-ல் அங்கே ஹைகோர்ட் உத்தரவிட்டது. இங்கே மாடி ரூமில் இருக்கும் ஒடிசா பையனை நாம் பார்க்கிற பார்வையை, அங்கே குகன் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

* * *

2024, நம் சுப்ரீம் கோர்ட்டுக்கு இந்த விஷயத்தில் முக்கியமான வருஷம். மே மாதம், டெல்லி எம்.எல்.ஏ. ஒருவர் போட்ட வழக்கில், பின்தங்கிய, விளிம்புநிலைச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் மேல் யோசிக்காமல் 'ஹிஸ்டரி ஷீட்' திறக்கிற வழக்கத்தைக் கோர்ட் கண்டித்து, எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளைப் பார்த்துத் திருத்தச் சொன்னது. ஹிஸ்டரி ஷீட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: அதுதான் ஸ்டேஷனில் உங்கள் பெயரில் இருக்கும் பிராக்ரஸ் கார்டு. பாஸ் கிடையாது.

அடுத்து, சுகன்யா சாந்தா என்கிற பத்திரிகையாளர். மாநிலச் சிறை விதிப் புத்தகங்களை வரி வரியாகப் படித்து 2020-ல் எழுதினார். பிறகு வழக்கும் போட்டார். அக்டோபர் 3-ம் தேதி தீர்ப்பு. ஜெயிலில் சமையல் எந்த ஜாதி, கக்கூஸ் கழுவ எந்த ஜாதி என்று புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். மேற்கு வங்கத்து விதி ஒன்றில், கைதிகளுக்கு மேஸ்திரியாக நியமிக்கப்படுகிறவர் 'தப்பி ஓடும் இயல்பு கொண்ட நாடோடி இனத்தவராக' இருக்கக் கூடாது என்று இருந்தது. தர்ஸ்டன் அளவுகோலோடு எழுந்து வந்த மாதிரி இல்லை?

நம் பாளையங்கோட்டை ஜெயிலும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. தேவர், நாடார், பள்ளர் என்று பிரித்துத் தனித்தனிப் பகுதிகளில் வைக்கிறார்கள் என்பது புகார். இதே விஷயம் 2014-ல் மதுரைக் கிளைக்கு வந்தபோது, சண்டை வராமல் இருக்கத்தான் பிரிக்கிறோம் என்ற சமாதானத்தைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. சண்டையைத் தடுக்க வேறு வழி பாருங்கள் என்றது. என்னைக் கேட்டால் ஜெயிலரின் கஷ்டமும் நிஜம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு பிளாக்கில் ரத்தம் பார்ப்பவர் அவர்தானே? ஆனால் வெளியே தெருவைப் பிரித்தது போதாதென்று உள்ளேயும் பிரித்து வைத்தால், ஆறு வருஷம் கழித்து வெளியே வருகிறவன் எதைக் கற்றுக்கொண்டு வருவான்?

முன்னாள் குற்றப் பரம்பரையினரை வழக்கமான குற்றவாளிகளாக நடத்தும் விதிகளையும் அதே தீர்ப்பு ரத்து செய்தது. மூன்று மாதத்தில் எல்லா மாநிலங்களும் விதிப் புத்தகத்தைத் திருத்த வேண்டும், கைதிப் பதிவேட்டில் ஜாதிப் பத்தியையே அடித்துவிட வேண்டும் என்றது. அந்த வருஷக் கடைசியில் மத்திய உள்துறை தன் மாதிரிச் சிறை விதிகளைத் திருத்தி மாநிலங்களுக்கு அனுப்பியது.

இங்கேதான் ஒரு சிக்கல். ஜாதிப் பத்தியை அடித்துவிட்டால், ஜெயிலில் யார் எத்தனை சதவீதம் என்று நாளைக்கு எப்படிக் கணக்குப் போடுவது? 21.7, 13.6 என்று மேலே நான் அடுக்கியதெல்லாம் அந்தப் பத்தியிலிருந்து வந்தவைதானே? மத்திய அரசும் இதே சந்தேகத்தோடு மறுபடி கோர்ட்டுக்குப் போனது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் புள்ளிவிவரம் சேகரிப்பதற்கு இந்தத் தீர்ப்பு தடையில்லை என்று கோர்ட் விளக்கம் கொடுத்தது. ஆக, கைதிக்கு வேலை ஒதுக்குகிற வார்டர் பார்க்கிற நோட்டில் ஜாதி இருக்கக் கூடாது. டெல்லியில் கூட்டல் போடுகிறவர் பார்க்கிற நோட்டில் இருக்கலாம். இரண்டு நோட்டையும் எழுதப்போவது ஒரே ரைட்டர்தான்.